மூவாயிரம் காட்டினால் வாங்கலாம்

கடையில் டேகோமீட்டர் கேட்டால், எடுத்துக் கொடுப்பவர் முதலில் சொல்வது அது எவ்வளவு வேகம் வரை அளக்கும் என்பதைத்தான். 99,999 ஆர்.பி.எம். என்று பெட்டியிலேயே பெரிதாக அச்சிட்டிருக்கும். மாதிரி விமான எஞ்சின் வைத்திருப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. 46 அளவு டூ-ஸ்ட்ரோக் குளோ எஞ்சினில், அதாவது 7.5 சி.சி.யில், 11×6 ப்ராப் மாட்டினால் முழு த்ராட்டிலில் சுமார் 12,000 சுற்றும். ஐடிலில் 2,500. நம் பிழைப்பு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அந்த இடைவெளிக்குள் கருவி சொல்வதை நம்பலாமா என்பது ஒன்றே கேள்வி. அதற்கான பதில் பெட்டியில் இருக்காது, வீட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம்மவர்களில் ஒரு சாராருக்கு டேகோமீட்டர் என்றாலே இளக்காரம். காது போதும் என்பார்கள். பாதி உண்மை. நீடிலைத் திருகத் திருக, எஞ்சின் கரகரத்த ஃபோர்-ஸ்ட்ரோக் ஒலியிலிருந்து சட்டென்று கூர்மையான டூ-ஸ்ட்ரோக் ஒலிக்கு மாறும் இடத்தைக் காது பிடிக்கிற வேகத்தில் எந்த மீட்டரும் பிடிக்காது. காது தடுமாறுவது அதற்கு மேலே. உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து 300 ஆர்.பி.எம். போலக் கீழே இறக்கி, கொஞ்சம் ரிச்சாக நிறுத்த வேண்டும். வானத்தில் ப்ராப்பின் சுமை குறைந்து எஞ்சின் இன்னும் வேகமெடுக்கும். அப்போது எரிபொருள் போதாமல் லீன் ஆகிவிட்டால் பிஸ்டனைக் குளிர்விக்க மெத்தனாலும் கிடைக்காது, வழவழப்புக்கு விளக்கெண்ணெயும் கிடைக்காது. 12,000-இல் 300 என்பது இரண்டரை சதவீதம். ஷட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையே உள்ள தூரமே ஏறத்தாழ ஆறு சதவீதம். இது அதில் பாதிகூட இல்லை. தேர்ந்த நாகஸ்வரக்காரர் பிடிப்பார். பக்கத்தில் இன்னொரு எஞ்சின் அலறிக்கொண்டிருக்கும்போது, போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட ஒலியோடு இன்றைய ஒலியை ஒப்பிட்டுச் சொல்ல அவராலும் ஆகாது.

கண்ட்ரோல் லைன் பறக்கவிடுபவர்களுக்கு இது இன்னும் கழுத்தைப் பிடிக்கிற விஷயம். ரேடியோ கண்ட்ரோலில் மேலே போன பிறகு த்ராட்டிலைக் குறைத்து இறக்கிவிடலாம். கம்பியில் பறக்கும் ஸ்டண்ட் மாடலில் பெரும்பாலும் த்ராட்டிலே கிடையாது. தரையில் நீடிலை எங்கே நிறுத்தினோமோ அதுதான் டேங்க் தீரும் வரை. ஒருவர் மாடலைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் டேகோமீட்டரைப் பார்த்து, தலையசைத்து, கைப்பிடியை எடுக்க ஓடுவார். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி ஆகும், தலைக்கு மேலே கம்பி தளருமா என்பதெல்லாம் தீர்மானமாகிறது. என்.சி.சி. விமானப் பிரிவில் 2.5 சி.சி. எஞ்சினோடு பழகியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், அது வேகத்தை மட்டும் சொல்வதில்லை. ஒரே ப்ராப், ஒரே காற்று என்று வைத்துக்கொண்டால், ப்ராப்பைச் சுழற்றத் தேவையான சக்தி சுற்று வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். இழுவிசை வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 12,000 சுற்றிய எஞ்சின் இன்று 11,600 சுற்றுகிறது என்றால் கேட்பதற்குச் சின்னக் குறைதான். கணக்குப் போட்டால் சக்தியில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. குளோ பிளக் தளர்ந்திருக்கலாம், மஃப்ளருக்குள் கரி படிந்திருக்கலாம், எரிபொருள் ஈரம் குடித்திருக்கலாம். ஆக, தெரிந்த ப்ராப்பும் ஒரு டேகோமீட்டரும் சேர்ந்தால் அதுவே சக்தி அளக்கும் மேடை. இதை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். கருவியில் மூன்று சதவீதம் பிழை இருந்தால், எஞ்சினைப் பற்றிய நம் தீர்ப்பில் பத்து சதவீதம் பிழை. ப்ராப்பை மாற்றிவிட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிடுவது இதைவிட மோசம். 11×6 என்று எழுதியிருந்தாலும் ஒரு கம்பெனியின் 11×6 வேறு, இன்னொன்றின் 11×6 வேறு.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. முன்பக்கம் ஒரு சின்னக் கண் இருக்கும். உள்ளே போட்டோ டிரான்சிஸ்டரோ போட்டோ டயோடோ. வானத்தைப் பின்னணியாக வைத்துப் ப்ராப்பின் வழியாகப் பார்த்தால், ஒவ்வொரு பிளேடும் கடக்கும்போது ஒரு முறை வெளிச்சம் மறைந்து வரும். இரண்டு பிளேடு ப்ராப் 12,000 சுற்றினால் வினாடிக்கு 400 மறைப்பு. கருவி அதை எண்ணி, பிளேடு எண்ணிக்கையால் வகுத்து, அறுபதால் பெருக்கிக் காட்டுகிறது. அதனால்தான் பிளேடு எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான். இரண்டு என்று வைத்துவிட்டு மூன்று பிளேடு ப்ராப்பை அளந்தால் 12,000 சுற்றுவது 18,000 ஆகத் தெரியும். வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று எல்.டி.ஆர். வைத்துக் கட்டுபவர்கள் இங்கேதான் கவிழ்வார்கள். எல்.டி.ஆர். தெருவிளக்கைப் போட்டு அணைக்கத்தான் லாயக்கு. இரண்டரை மில்லி வினாடிக்கு ஒரு முறை மாறும் வெளிச்சத்தை அதனால் தொடர முடியாது.

இப்போது வீட்டுச் சோதனை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய டியூப்லைட்டும், குண்டு பல்பும், ஒவ்வொரு அலையிலும் இரண்டு முறை மங்கிப் பிரகாசிக்கும். வினாடிக்கு 100 முறை. இரண்டு பிளேடு நிலையில் வைத்து டேகோமீட்டரை அந்த விளக்கின் பக்கம் திருப்பினால் 3,000 காட்ட வேண்டும். மூன்று பிளேடு நிலையில் 2,000. நான்கில் 1,500. நமது மின்தொகுப்பை 49.90-க்கும் 50.05-க்கும் இடையே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கீழ் எல்லைக்கே போனாலும் 3,000-இல் ஆறு சுற்றுதான் குறையும். மாதிரி விமானக்காரனுக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோலை இலவசமாக யாரும் தரப்போவதில்லை. ஒரு கருவி 3,000 அல்லது அதை ஒட்டிய எண்ணில் அசையாமல் நின்றால் நான் பணத்தை எடுப்பேன். 2,900-க்கும் 3,200-க்கும் இடையே ஊஞ்சலாடினால் அது எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் வேண்டாம்.

இதில் சில வழுக்கல்கள் உண்டு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அங்கிருந்து வரும் கருவிகளின் கையேட்டில் 3,600 என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, நம் விளக்கில் 3,000 காட்டுகிறதே என்று திருகாணியைத் திருப்பி வைத்தால் நல்ல கருவியைக் கெடுத்ததாக ஆகும். மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கை வைத்துச் சோதிக்கக் கூடாது. அதன் அதிர்வெண்ணுக்கு மின்தொகுப்பு பொறுப்பல்ல. நல்ல டிரைவர் உள்ள எல்.இ.டி. விளக்கிலும், எலெக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டிலும் இந்த 100 துடிப்பு இருக்காது, அல்லது மிக மெலிதாக இருக்கும். அங்கே கருவி பூஜ்யம் காட்டினால் குற்றம் கருவியுடையது அல்ல. இப்போதெல்லாம் கடைகள் முழுக்க எல்.இ.டி.தான். ஆகவே நான் வாங்கப் போகும்போது ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்கள் எதையெதையோ பார்த்தவர்கள், சிரிப்பதில்லை. தபாலில் வரவழைத்தால், வந்த அன்றே பல்புக்கு முன்னால் பிடித்துவிடுவது நல்லது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்.

3,000-இல் சரியாக இருந்தால் 12,000-இலும் சரியாக இருக்குமா என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி, பதில் கருவியின் வகையைப் பொறுத்தது. முள் ஆடும் பழைய அனலாக் மீட்டர் என்றால் உறுதி சொல்ல முடியாது. ஒரு புள்ளியில் ஒத்துப்போய் மறு கோடியில் விலகும், பேட்டரி இறங்க இறங்க இன்னும் விலகும். குவார்ட்ஸ் படிகத்தை வைத்து எண்ணும் டிஜிட்டல் கருவியில் அந்தச் சிக்கல் இல்லை. அது எண்ணுகிறது, அவ்வளவுதான். நேரம் சரி என்றால் எண்ணிக்கை எங்கும் சரி. சாதாரணப் படிகத்தின் பிழையே பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே. அதில் மிஞ்சும் அபாயம் ஒன்றே: கண் மந்தமாக இருந்தால் வேகம் கூடும்போது சில மறைப்புகளைத் தவறவிடும், எண் குறைவாக வரும். இதற்கும் சோதனை உண்டு. ஆர்டுயினோ பலகை வைத்திருக்கும் பிள்ளை எந்தத் தெருவிலும் இருப்பான். ஒரு எல்.இ.டி.யை 400 ஹெர்ட்ஸில் மின்னவிடச் சொல்லுங்கள். இரண்டு பிளேடு நிலையில் 12,000 வர வேண்டும். பத்து இருபது சுற்று விலகினால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். ஆர்டுயினோ ஊனோவில் முதன்மைச் சிப்புக்கு நேரம் காட்டுவது செராமிக் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீதம் வரை போகலாம். இங்கே பரீட்சை எழுதுபவனைவிட வாத்தியார்தான் கொஞ்சம் முன்பின்னானவர்.

எண்ணிக்கை என்பதால் ஒரு வரம்பும் உண்டு. ஒரு வினாடி முழுக்க எண்ணும் கருவியில், இரண்டு பிளேடுக்கு ஒவ்வொரு மறைப்பும் 30 ஆர்.பி.எம். 0.3 வினாடி மட்டும் எண்ணினால் ஒவ்வொன்றும் 100. கடைசி இரண்டு இலக்கமும் எப்போதும் பூஜ்யமாகவே நிற்கும் மலிவுக் கருவிகளின் ரகசியம் இதுதான். 300 ஆர்.பி.எம். இறக்கி நிறுத்த வேண்டிய வேலைக்கு நூறு நூறாகத் தாவும் கருவி போதாது. மூன்று படி, அதிலும் ஒரு படி எப்போதும் சந்தேகம். மறுபுறம், ஒற்றை இலக்கம் வரை காட்டுகிறது என்று பெருமைப்படுவதும் வீண். நன்றாக ஓடும் எஞ்சினே ஐம்பது சுற்று மேலும் கீழும் அலையும். 10 அல்லது 30 படியில், வினாடிக்கு ஒன்றிரண்டு முறை எண் மாறும் கருவி எனக்குப் பிடிக்கும். உச்ச வேகத்தை நினைவில் வைக்கும் வசதியை நான் தொடுவதே இல்லை. ஒரே ஒரு பொய் மினுக்கம் போதும், அது உச்சமாகப் பதிவாகி அன்று முழுக்க நம்மை ஏமாற்றும்.

பொய் மினுக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பளபளப்பான ப்ராப்பிலிருந்து. சூரியன் நமக்குப் பின்னால் இருந்தால், பிளேடு வானத்தை மறைப்பதோடு தானும் மின்னும். கருவி ஒன்றை இரண்டாக எண்ணிவிடும். எண் திடீரென்று இரு மடங்கானாலோ ஒன்றரை மடங்கானாலோ கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் சரியாகும். கண்ணுக்கு முன்னால் ஒரு விரற்கடை நீளத்துக்குக் கறுப்புக் குழாய் செருகிவிட்டால் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் போய்விடும். குளிர்பானக் கடையின் கறுப்பு ஸ்ட்ரா போதும். மாலை மங்கிய பிறகு டார்ச் அடித்து அளப்பவர்கள், மங்கலாக எரிய வைக்கும் நிலையில் எல்.இ.டி. டார்ச் தானே துடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். டார்ச்சை மட்டும் காட்டி, எண் எதுவும் வராமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

மற்ற அம்சங்களை ஓடிப் பார்த்துவிடலாம். திரை வெயிலில் தெரிய வேண்டும். போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்.சி.டி. திரையைப் பார்த்தால் சில கோணங்களில் ஒன்றுமே தெரியாது. கருவி செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டவர்களை அறிவேன். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே சித்திரை வெயிலில் வைத்தால் திரை கறுத்துப்போகும். தானே அணையும் வசதி வேண்டும். விளக்கெண்ணெய்ப் புகை படிந்த கண்ணை வாரம் ஒரு முறையாவது துடைக்க வேண்டும். கழுத்தில் மாட்டும் கயிறு கொடுத்திருந்தால் அதை முதல் நாளே வெட்டி எறிந்துவிடுவது நல்லது.

கயிற்றைச் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. 11 அங்குல ப்ராப் 12,000 சுற்றும்போது அதன் நுனி வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போகிறது, மணிக்கு 630 கிலோமீட்டர். துண்டு, துப்பட்டா, அடையாள அட்டை நாடா எதையும் அது பார்க்காது. அளப்பவர் எஞ்சினுக்குப் பின்னால், ப்ராப் சுழலும் தளத்துக்கு வெளியே நிற்க வேண்டும். பிளேடு உடைந்தால் பறப்பது அந்தத் தளத்தில்தான். ஏ.பி.சி. நிறுவனம் தன் குளோ எஞ்சின் ப்ராப்களுக்கு ஒரு வரம்பு சொல்கிறது: 1,90,000-ஐ அங்குல விட்டத்தால் வகுத்தால் வருவதே அதிகபட்ச ஆர்.பி.எம். 11 அங்குலத்துக்கு அது 17,000-க்குச் சற்று மேல். நம் எஞ்சின் அங்கே போகாது. பந்தய எஞ்சினில் கையில் கிடைத்த ப்ராப்பை மாட்டுபவர் அளந்துவிட்டு மாட்டட்டும்.

இதே காரணத்துக்காகத்தான் லேசர் டேகோமீட்டரை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. தொழிற்சாலைக்கு அது அருமையான கருவி. சுழலும் பாகத்தில் ஒரு துண்டு ஒளி திருப்பும் நாடாவை ஒட்டி, லேசரை அதன்மேல் காட்டினால் சுற்றுக்கு ஒரு துடிப்பு. பிளேடு கணக்கே வேண்டாம். லேத், டிரில், மின் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஏற்றது. எண்ணெய் கக்கும் குளோ எஞ்சினில் அந்த நாடா எத்தனை நேரம் ஒட்டியிருக்கும்? வழக்கமாக அரை மீட்டருக்குள் நின்று, அதிர்கிற மாடலில் ஒரு சின்னத் துண்டைக் குறிபார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். குறிபார்க்கும் கவனம் கையைப் ப்ராப்புக்கு அருகே இழுத்துவிடும். சும்மா வானத்தைப் பார்த்து எண்ணும் கருவிக்கு அந்தக் கவனம் தேவையில்லை. நல்லதாக இருந்தால் ஒன்றரை அடிக்குப் பின்னாலிருந்தே பிடித்துவிடும். வாங்கும்போது மேசை விசிறிக்குப் பின்னால் பிடித்து, எவ்வளவு தூரம் வரை எண் நிலையாக இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தூரம் எனக்கு விலையைவிட முக்கியம். பார்க்கிற இடத்தில் துடிக்கிற விளக்கு இருந்தால் அது விசிறியை மறைத்துவிடும் என்பதால் சன்னலைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு நல்ல கருவியும் சொல்லாத ஒன்று உண்டு. சென்னையில் 12,000 சுற்றிய எஞ்சினை உதகமண்டலத்துக்குக் கொண்டுபோனால், நீடிலைத் திருத்திய பிறகு அங்கேயும் கிட்டத்தட்ட அதே எண் வரும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் குடிக்கும் காற்று குறைகிறது, சக்தி குறைகிறது. ப்ராப் கிழிக்க வேண்டிய காற்றும் அதே அளவு குறைகிறது. இரண்டும் சேர்ந்தே இறங்குவதால் சுற்று பெரிதாக மாறாது. மாறுவது இழுவிசை. திரையில் எல்லாம் நலமாக இருக்கும், மாடல் மட்டும் ஓடுபாதையைத் தின்றுகொண்டே போகும். சித்திரை மதியத்துக்கும் மார்கழிக் காலைக்கும் இடையே சமவெளியிலும் இதே கதை, அளவு குறைவு. என் குறிப்பேட்டில் ஆர்.பி.எம்.முக்குப் பக்கத்தில் ப்ராப்பின் பெயரோடு ஊரையும் வெப்பத்தையும் எழுதி வைப்பது இதனால்தான்.

கையில் பிடிக்கும் கருவி எட்டாத இன்னொரு இடம் வானம். அங்கே காது திரும்ப வந்து உதவுகிறது, கூடவே செல்போனும். ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றை ஓடவிட்டு, மாடலை நம்மைத் தாண்டி நேர்க்கோட்டில், தாழ்வாக, ஒரே த்ராட்டிலில் பறக்கவிடச் சொல்ல வேண்டும். வரும்போது சுருதி ஏறியும் போகும்போது இறங்கியும் கேட்கும். ரயில் ஹாரனில் கேட்கும் அதே டாப்ளர் விளைவு. வரும்போது 480 ஹெர்ட்ஸ், போகும்போது 400 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி, இரட்டிப்பாக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 436. அது பிளேடு எழுப்பும் ஒலி. இரண்டு பிளேடு என்றால் வினாடிக்கு 218 சுற்று, 13,100 ஆர்.பி.எம். பறந்த வேகமும் இதே எண்களில் இருக்கிறது: 480-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒலியின் வேகத்தால், நம் வெயிலுக்கு வினாடிக்கு 350 மீட்டர் என்று கொண்டு, பெருக்கினால் மணிக்குச் சுமார் 115 கிலோமீட்டர். 6 அங்குலப் பிட்ச் ப்ராப் 13,100 சுற்றினால் வழுக்கலே இல்லாமல் போகக்கூடிய வேகம் மணிக்கு 120. மாடல் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் வேகம் வேண்டும் என்று நீடிலை மேலும் லீன் பக்கம் திருக நினைப்பவருக்கு, எஞ்சினை விட்டுவிட்டு 7 பிட்ச் ப்ராப் ஒன்றைக் கையில் கொடுக்கலாம். அதை மாட்டியதும் தரையில் சுற்று குறையும். பழைய எண்ணைப் பார்த்து எஞ்சின் கெட்டுவிட்டது என்று பயப்படாமல், குறிப்பேட்டில் புதுப் பக்கம் ஒன்று தொடங்க வேண்டும்.